ஒரு பாட்டில், ஆறு குடை

"கப்பல்ல ஏறிட்டா அப்புறம் பர்ஸைத் திறக்கவே வேண்டாம் மாப்பிள்ளை!" என்று சொன்னது என் மச்சான். (மனைவியின் அண்ணன். சிங்கப்பூரில் உத்தியோகம்.) அவர் சொன்னது சத்தியம். மூன்று ராத்திரியும் நான் பர்ஸைத் திறக்கவே இல்லை. நாலாம் நாள் காலை அது தானாகவே திறந்துகொண்டது.

விஷயம் இதுதான். மாமனார், மாமியாருக்குக் கல்யாணமாகி 40 வருஷம் நிறைந்தது. விருதுநகரில் நாலு பேரைக் கூப்பிட்டு வடை பாயசம் போடுவதற்குப் பதில், சிங்கப்பூர் - பினாங்கு - சிங்கப்பூர் என்று மூன்று ராத்திரி சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு போய் வரலாம் என்று மச்சான் முடிவு செய்துவிட்டார். ஒரு போனில் எட்டுப் பேருக்கும் டிக்கெட் வாங்கிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். ஹோட்டலுக்குப் போனால் பில்லை அவர் எடுத்துவிடுவார். நான் சட்டைப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டே இருப்பேன். கை வெளியே வருவதற்குள் அவர் மீதிச் சில்லறை வாங்கியிருப்பார்.

பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிற ஆசாமிக்கு இதில் வருத்தம் இருக்கக்கூடாது. ஆனால் இருந்தது, சார். அதனால் ஏறும்போதே அறிவித்துவிட்டேன்: "சாப்பாட்டுக்குத்தான் டிக்கெட்லயே காசு கட்டியாச்சு. டின்னர்ல யார் என்ன குடிச்சாலும் அது என் கணக்கு!"

மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாருக்குமா?" என்றார்.

"எல்லாருக்கும்!"

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்கவில்லை. கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

கப்பலின் வியாபாரத் தந்திரம் எனக்கு அப்போது முழுசாக விளங்கவில்லை. நம் சினிமா தியேட்டர்தான் அது. டிக்கெட்டில் கொஞ்சம், பாப்கார்னில் மிச்சம். தங்க அறை, மூன்று வேளை சாப்பாடு, நடுவில் நாலு வேளை நொறுக்குத் தீனி, பாட்டு, டான்ஸ் எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். குடிக்க வேண்டுமென்றால் ஐஸ் போட்ட தண்ணீர், எலுமிச்சை ஜூஸ், சாதாரண டீ, காபி இலவசம். அதற்கு மேல் கண்ணாடி டம்ளரில் எது வந்தாலும் காசு. கோலா காசு. பாட்டில் தண்ணீர் காசு. மெஷினில் 'உஸ்ஸ்' என்று சத்தம் போட்டு வருகிற காபி தனிக் காசு.

அந்தக் காசையும் கையில் கேட்கமாட்டார்கள். ஏறும்போதே ஒரு அட்டை கொடுக்கிறார்கள். அதுதான் அறைச் சாவி, அதுதான் அடையாளச் சீட்டு, அதுதான் கடன் அட்டை. நீட்டினால் ஒரு தேய்ப்பு. அவ்வளவுதான். நோட்டைக் கொடுக்கும்போது நெஞ்சில் ஒரு சுருக் என்று இருக்குமே, அது அட்டையில் இல்லை. மளிகைக் கடை அக்கவுன்ட் நோட்டு மாதிரி. 1-ந் தேதிதான் வயிற்றைக் கலக்கும்.

ஏறுகிற இடத்திலேயே ஒரு சின்ன நாடகம். பல கப்பல்களில், ஏறும் நாளன்று பெரியவர் ஒருவருக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்று, சீல் உடைக்காமல், கைப்பெட்டியில் கொண்டு வரலாம் என்று விதி இருக்கிறது. அதை டைனிங் ஹாலில் திறந்தால் மூடி திறப்புக் கூலி என்று சில கப்பல்களில் 15, 20 டாலர் வாங்குவார்கள். ஒயினைத் தவிர வேறு சரக்கு கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பெட்டி எக்ஸ்ரே மெஷினுக்குள் போனதும் செக்யூரிட்டி அம்மாள் கையைத் தூக்கிவிட்டாள். பெட்டியைத் திறந்தால் அரை லிட்டர் பாட்டிலில் பொன்னிறமாக ஒரு திரவம். விஸ்கியேதான்! ஐந்து நிமிஷம் நாங்கள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த செக்யூரிட்டி அம்மாள் முகத்தில் பெரிய குழப்பம்.

"நல்லெண்ணெய்" என்றார் என் மாமியார், தமிழிலேயே. "இட்லிப் பொடிக்கு."

விட்டுவிட்டார்கள்.

முதல் நாள் சாயங்காலம் மது பேக்கேஜ் விற்க ஒரு பையன் வந்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் பீர், ஒயின், ஜூஸ் எல்லாம் எத்தனை வேண்டுமானாலும் குடிக்கலாம். 65 டாலர். கேட்டதும் கையை நீட்டப்போனேன். நல்லவேளை, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த பி.காம். விழித்துக்கொண்டது. பிரேக் ஈவன் பாயின்ட்! பல்கலைக்கழகத் தேர்வில் 16 மார்க் கேள்வி. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயன்பட்டது.

கணக்கைக் கேளுங்கள். 65 டாலரோடு சர்வீஸ் கூலி 18 சதவீதம் தானாகச் சேரும். ஆக 76 டாலர் 70 காசு. ஒரு பீர் 8 டாலர், அதற்கும் 18 சதவீதம், ஆக 9.44. வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்கு எட்டு பீர் வரை கப்பல்காரனுக்கு லாபம். ஒன்பதாவது பீரிலிருந்து எனக்கு லாபம். ஒன்பதாவது பீரில் நான் லாப நஷ்டம் பார்க்கிற நிலையில் இருப்பேனா? அதோடு போகவில்லை. ஒரே அறையில் இருக்கிற பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் அடுத்தவரும் வாங்கியே ஆகவேண்டும், அதுவும் எல்லா ராத்திரிக்கும். (ஒருவர் பேக்கேஜில் இரண்டு பேர் குடிப்பார்களாம். நம்மைப் பற்றி எவ்வளவு சரியாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள்!) ஆக இரண்டு பேர், மூன்று ராத்திரி, 460 டாலர் 20 காசு. நாங்கள் போன சமயம் டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 39,117 ரூபாய். என் மனைவி ஒரு நாளில் குடிப்பது இரண்டு காபி.

"நோ, தேங்க்ஸ்" என்றேன். என் ஆங்கிலத்தில் அவ்வளவு தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை.

ராத்திரி எட்டு மணி. டைனிங் ஹால். தலைக்கு மேல் கண்ணாடி விளக்கு, மேஜையில் ஆளுக்கு நாலு முள்கரண்டி. சட்டையில் திராட்சைக் கொத்து பேட்ஜ் குத்திய ஒயின் ஆசாமி ஒருவர் வந்தார். பிலிப்பைன்ஸ்காரர். கோயில் கல்வெட்டு கனத்துக்கு ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்தார். மேஜையே என்னைப் பார்த்தது.

நான் ஒயின் பற்றித் தெரிந்தவன் மாதிரி பக்கத்தைப் புரட்டினேன். ஒரு ரகசியம் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள். ஒயின் லிஸ்டைத் தமிழர்கள் வலது பக்கத்திலிருந்துதான் படிக்க வேண்டும். விலை அங்கேதான் இருக்கிறது. ஒரு சிவப்பு ஒயின், மெர்லோ என்று பெயர், கிளாஸ் 13 டாலர், பாட்டில் 48 என்று போட்டிருந்தது. 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். தனித்தனியாக வாங்கினால் 65. பாட்டிலாக வாங்கினால் 17 டாலர் மிச்சம். ஆனால் குடிக்கப்போவது நானும் மச்சானும் மட்டும். அவரும் பீர் ஆசாமி. மிச்சத்தை என்ன செய்வது?

இந்த இடத்தில் ஒயின் ஆசாமி குனிந்து, மேஜைக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மீந்தால் ரூம் நம்பர் எழுதி எடுத்து வைக்கிறேன் சார். நாளைக்கு டின்னருக்குக் கொண்டுவந்து தருகிறேன்" என்றார். அடடா! நம் வீட்டில் மீந்த சாம்பாரை ஃபிரிட்ஜில் வைக்கிற அதே ஏற்பாடு. சிவப்பு ஒயின் மூடி போட்டுக் குளிரில் வைத்தால் ஒன்றிரண்டு நாள் கெடாதாம். அந்த மனிதர்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

பாட்டில் வந்தது. முதலில் லேபிளை என்னிடம் காட்டினார். நான் பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டினேன். திருகாணியைச் செருகி கார்க்கை இழுத்து என் கையில் கொடுத்தார். எதற்கென்று தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு என் கிளாஸில் மட்டும் ஒரு உத்தரணி அளவுக்கு ஊற்றிவிட்டு விறைப்பாக நின்றார்.

"13 டாலருக்கு இவ்வளவுதானா?" என்றார் மாமனார்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நானும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். அந்த உத்தரணி ஒயின், 'உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' என்று கேட்பதற்கல்ல. 'கெட்டுப்போயிருக்கிறதா?' என்று கேட்பதற்கு. கார்க் என்பது ஒரு மரத்தின் பட்டை. அதில் சில சமயம் டி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்கிற ஒரு ரசாயனம் உண்டாகி ஒயினில் இறங்கிவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மழையில் நனைந்த பழைய அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிக்கும். அப்படி இருந்தால் பாட்டிலைத் திருப்பி அனுப்பலாம், காசு கிடையாது. 'நான் நினைச்ச மாதிரி இல்லை' என்பதற்காக அனுப்பக்கூடாது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து ஒயின்களில் பெரும்பாலும் திருகு மூடிதான், அதில் கார்க் வாடைப் பிரச்னை அநேகமாகக் கிடையாது. ஆனால் அங்கேயும் உத்தரணி ஊற்றிக் காட்டுகிறார்கள். சம்பிரதாயம்!

எனக்கு 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் நினைவுக்கு வந்தது. 41-வது பிரிவு: சரக்கை ஏற்றுக்கொள்ளுமுன் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. அதை மேஜைக்கு எடுத்துச் சொன்னேன். மச்சான் கொட்டாவி விட்டார். கூட்டுறவு வங்கியில் 33 வருஷம் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற மாமனாருக்கு மட்டும் சட்டென்று பிடிபட்டது.

"நகைக்கடன் கொடுக்கறப்ப அப்ரைசர் கல்லுல உரசிப் பார்ப்பாரே, அந்த மாதிரி!"

அதேதான், சார். நான் இத்தனை வரியில் சொன்னதை மனிதர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

முகர்ந்தேன். அட்டைப்பெட்டி வாடை இல்லை. தலையாட்டினேன். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றினார். "மீதி?" என்று மறுபடியும் மாமனார். மீதி இடம் வாசனை தங்குவதற்காம். வாசனைக்கு இவ்வளவு பெரிய இடம் விடுகிறவர்கள் எங்கள் அறையில் பெட்டி வைக்க இடம் விடவில்லை.

கையெழுத்துக்கு ஒரு சீட்டு வந்தது. 48, அதன்கீழ் 18 சதவீதம் 8.64, கூட்டல் 56.64. அதற்கும் கீழே 'கூடுதல் அன்பளிப்பு' என்று ஒரு காலிக்கோடு. எந்தப் பாரத்தில் காலிக்கோடு இருந்தாலும் பூர்த்தி செய்து பழகிய கை. 5 என்று எழுதிவிட்டேன். "மாப்பிள்ளை, டிப்ஸ்தான் ஏற்கெனவே போட்டாச்சே!" என்றார் மச்சான், சீட்டு போன பிறகு. காலிக்கோட்டைக் காலியாகவே விடலாம். இதை இங்கே இலவசமாகச் சொல்கிறேன், எனக்கு 425 ரூபாய் ஆனது.

இந்த உற்சாகத்தில்தான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது.

"அத்தை, நீங்களும் ஏதாவது வாங்கிக்கங்களேன்!"

மாமியார் பதறிப்போய் மாமனாரைப் பார்த்தார். "எனக்கெதுக்கு மாப்பிள்ளை… தண்ணி போதும்."

ஒயின் ஆசாமி விடவில்லை. என் மாமியார் பக்கத்தில் போய், முதுகை வளைத்து, "மேடம், ஆல்கஹால் இல்லாமல், தர்பூசணி, புதினா, இஞ்சி போட்டு ஒன்று கொண்டுவரட்டுமா?" என்று கேட்டார். என் மனைவி மொழிபெயர்த்தாள். கொஞ்ச நேரத்தில் உயரமான கிளாஸில் சிவப்பாக, நுரையோடு, விளிம்பில் ஒரு தர்பூசணித் துண்டு செருகி, மேலே காகிதத்தில் ஒரு குட்டிக் குடை விரித்து வந்தது. மேஜையில் யாருக்கும் அவ்வளவு அலங்காரமாக ஒன்றும் வரவில்லை.

அத்தை முதலில் குடையை எடுத்தார். மூடிப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். புடவைத் தலைப்பில் துடைத்து மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார், பேத்தியின் பொம்மைக்காம். பிறகு ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்ததைப் பார்க்கணுமே!

என் பக்கம் வந்த சீட்டில் 8 டாலர் என்று இருந்தது. 18 சதவீதத்தோடு 9.44. ரூபாயில் 802. பீர் என்ன விலையோ அதே விலை! ஆல்கஹால் இல்லையே, பாதி விலைதானே இருக்கும் என்று நான் கணக்குப் போட்டது தப்பு. கப்பலில் நீங்கள் ஆல்கஹாலுக்குக் காசு கொடுப்பதில்லை. கலக்குகிற ஆளுக்கும், கிளாஸுக்கும், குடைக்கும் கொடுக்கிறீர்கள்.

"கப்பல்ல எல்லாம் இலவசம்னு எங்கம்மா நினைச்சிட்டிருக்காங்க" என்றாள் மனைவி, அறைக்குத் திரும்பியதும்.

"சொல்லிடலாமா?"

"ஏங்க, நாப்பது வருஷமா எல்லாரும் சாப்பிட்டு எழுந்தப்புறம், கவுத்துப் போட்ட டம்ளர்ல தண்ணி பிடிச்சுக் குடிச்சவங்க. இன்னிக்கு ஒருத்தன் குனிஞ்சு 'என்ன வேணும்'னு கேட்டிருக்கான். விலையைச் சொன்னீங்க…"

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் பினாங்கைச் சுற்றிவிட்டு மதியம் திரும்பினோம். நீச்சல் குளத்துப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்ததும் அத்தை, "மாப்பிள்ளை, அந்தச் செவப்புத் தண்ணி இங்கே கிடைக்குமா?" என்றார். கிடைத்தது. வெயில் ஜாஸ்தி. இன்னொன்றும் கிடைத்தது. ராத்திரி டின்னரில் நான் வாயைத் திறப்பதற்குள் ஒயின் ஆசாமியே, "மேடத்துக்கு வழக்கமானதா?" என்றார். ஒரே நாளில் 'வழக்கமானது' ஆகிவிட்டது! மூக்குக்கண்ணாடிக் கூட்டில் நாலு குடை. மூக்குக்கண்ணாடிக்கு இடமில்லாமல் அது அத்தையின் மூக்கிலேயே இருந்தது.

மாமனார் இலவச ஐஸ் டீயோடு நிறுத்திக்கொண்டார். ("ஆறிப்போன டீயை எங்க ஆபீஸ்ல மூணு மணிக்கு இதைவிட நல்லாத் தருவான்.") குளத்தருகே நின்றபடி என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். கப்பலின் பின்பக்கம் 'நஸாவ்' என்று எழுதியிருக்கிறதே, அது எந்த ஊர்?

பஹாமாஸ் தீவுகளின் தலைநகரம். எங்கேயோ ஓடுகிற கப்பல்கள் பனாமா, பஹாமாஸ் என்று பதிவு செய்துகொள்வதற்கு வரி, சம்பளச் சட்டம் என்று பல காரணங்கள். ஆனால் இந்த வழக்கத்தின் ஆரம்ப காலத்தில் ஒரு குடிக் கதை இருக்கிறது. 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. 1922-ல், அமெரிக்கக் கொடி பறக்கிற கப்பல் நடுக்கடலில் இருந்தாலும் மது விற்கக்கூடாது என்று அரசு சொல்லிவிட்டது. பயணிகள் பிரிட்டிஷ் கப்பலுக்கு ஓடினார்கள். உடனே ரிலையன்ஸ், ரெசல்யூட் என்ற இரண்டு கப்பல்களின் முதலாளிகள் அமெரிக்கக் கொடியை இறக்கிப் பனாமா கொடியை ஏற்றிவிட்டார்கள். அதே வருஷம்! மதுவிலக்குக் காலத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, எந்த ஊருக்கும் போகாமல், கடலில் சுற்றிக் குடித்துவிட்டுத் திரும்புகிற பயணங்களும் நடந்தன. நமக்குப் பாண்டிச்சேரி எப்படியோ, அவர்களுக்கு அட்லாண்டிக்.

மாமனார் கேட்டுக்கொண்டார். "கொடியை மாத்தினா சட்டம் மாறிடுமா?" என்று கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வங்கியில் அப்படி நாலு பேரைப் பார்த்திருப்பார் போல.

அன்று ராத்திரி மீந்த மெர்லோ சொன்னபடி வந்தது, கழுத்தில் எங்கள் ரூம் நம்பரோடு. ஆனால் நான் செய்த தப்பு, மெனுவில் இந்தியச் சாப்பாடு என்று பார்த்துவிட்டுக் காரசாரமாக சிக்கன் மசாலா சொன்னது. ஒரு கவளம், ஒரு வாய் ஒயின். காது வழியாகப் புகை வந்தது! சிவப்பு ஒயினில் டேனின் என்று ஒரு துவர்ப்பு உண்டு, வாழைப்பூத் துவர்ப்பு மாதிரி. மிளகாயோடு சேர்ந்தால் அது இன்னும் முரடாகும். ஆல்கஹாலும் காரத்தை ஏற்றிவிடும். ஆகவே காரத்துக்குக் கொஞ்சம் இனிப்பாக, ஆல்கஹால் குறைவாக, ஜில்லென்று வெள்ளை ஒயின் நல்லது என்று ஒயின் ஆசாமி பாடம் நடத்தினார். மூன்றாம் நாள் அவர் பேச்சைக் கேட்டு ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் இரண்டு கிளாஸ் வாங்கினோம். பிரியாணியோடு ஒத்துப்போனது. பானகம் குடிக்கிற மாதிரி இருந்தது என்று சொன்னால் ஒயின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

ஆனால் எனக்கு ருசி எங்கே தெரிந்தது? நான் அத்தையின் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது. கடைசி ராத்திரி என்று ஆறாவது. ஒவ்வொரு தடவை அவர் ஸ்ட்ராவை உறிஞ்சும்போதும் விருதுநகர் பஸ் ஸ்டாண்ட் தர்பூசணி வண்டிகள் என் கண்முன்னால் வரிசையாகப் போயின. மேஜைக்கு அடியில் மனைவியின் கால் என் காலுக்குமேல் தயாராக இருந்தது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

விடியற்காலையில் கதவிடுக்கு வழியாக பில் வந்தது. 224 டாலர் 48 காசு. ரூபாயில் 19,080 சொச்சம். நான் மனசில் ஒதுக்கி வைத்திருந்தது 200 டாலர். (ஆசிரியர் கவனத்துக்கு: 24 டாலர் 48 காசு என்பது இந்தப் பக்கத்தின் எத்தனை பத்திகள் என்று தயவுசெய்து கணக்குப் பார்க்கவும்.)

கழிப்பறையில் உட்கார்ந்து படிக்கலாம் என்று கிளம்பினால், வராந்தாவில் மாமனார் நின்றுகொண்டிருந்தார். குளித்து, விபூதி இட்டு, கையில் பென்சில்.

"கொடுங்க மாப்பிள்ளை. யார் கொடுத்த ஸ்டேட்மென்டும் சரிபார்க்காமக் கட்டக்கூடாது."

மறைக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். மெர்லோ ஒன்று, ரீஸ்லிங் இரண்டு, பீர் நாலு, பிள்ளைகளின் கோலா ஆறு, அந்த அநியாய அன்பளிப்பு 5. பென்சில் நின்றது.

"தர்பூசணி ஏழுன்னு போட்டிருக்கான்."

"இருக்கும் மாமா… விடுங்க."

"இருக்குமா இருக்காதாங்கறது இல்லை. வவுச்சர் எங்கே?" என்றவர், தன் அறைக்கதவைத் தட்டி, "இந்தா, அந்தக் கண்ணாடிக் கூட்டைக் கொண்டா!" என்றார்.

எனக்குச் சகலமும் ஒடுங்கிவிட்டது. இத்தனை பாடுபட்டு மறைத்தது போச்சு. அத்தை கூட்டைக் கொண்டுவந்து கட்டில்மேல் கவிழ்த்தார். குட்டிக் குடைகள். ஒன்று, இரண்டு… ஆறு.

"ஆறுதான் நான் குடிச்சேன்" என்றார் அத்தை. "ஏழாவதுக்கு எட்டு டாலரை யார் வீட்டுக்குக் கட்டறது?"

நான் அவரைப் பார்த்தேன். "அத்தை… விலை உங்களுக்குத் தெரியுமா?"

"மொத நாளே அட்டையில பார்த்தேனே மாப்பிள்ளை. எட்டுன்னு போட்டிருந்துச்சு. எட்டு ரூபாய்க்கு எவன் கப்பல்ல ஜூஸ் தருவான்?"

"அப்புறம் ஏன்…" என்று என் மனைவி ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளை வாங்கித் தர்றேன்னாரு. வேண்டாம்னா அவரு மனசு என்ன பாடுபடும்? எப்பப் பார்த்தாலும் உங்கண்ணனே எடுத்துக் கொடுக்கறான். அவருக்கும் ஆசை இருக்குமில்ல?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, "நல்லாவும் இருந்துச்சு" என்றார்.

நான் திரும்பி ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் அறையிருந்த வராந்தாவில் ஜன்னலே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கீழே விசாரணைக் கவுன்டரில் நீளமான வரிசை. எங்கள் முறை வந்ததும் மாமனார் ஆறு குடையையும் கவுன்டரில் வரிசையாக, விரித்து, நிறுத்தி வைத்தார். அந்தப் பெண் குடையைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள். ஏழாவது தர்பூசணி இரண்டாம் நாள் ராத்திரி 11.40-க்கு மேல்தள பாரில் போயிருந்தது. எங்கள் குடும்பம் ஒன்பதரைக்கே குறட்டை. கையெழுத்துச் சீட்டைத் தேடி எடுத்தாள். எவரோ அவசரத்தில் ரூம் நம்பரில் ஒரு எண்ணை மாற்றி எழுதியிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு 9.44-ஐக் கழித்தாள். பாக்கி 215 டாலர் 4 காசு.

மச்சான் பின்னாலிருந்து எட்டி, வழக்கம்போல அட்டையை நீட்டினார்.

"நீ சும்மா இரு" என்றார் மாமனார். "அது மாப்பிள்ளை கணக்கு."

கட்டினேன். நெஞ்சில் அந்தச் சுருக் வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், வந்தது. ஆனால் மெர்லோ பாட்டிலும் 56.64, அத்தையின் ஆறு தர்பூசணியும் 56.64. ஒரு காசு வித்தியாசமில்லை. இரண்டில் எது நல்ல கொள்முதல் என்று எந்த பரீட்சையில் கேட்டாலும் பதில் எழுதுவேன்.

"கழிச்ச காசுக்கு இன்னொண்ணு தருவாங்களா?" என்று கேட்டார் அத்தை. பாரையெல்லாம் மூடியிருந்தார்கள். கப்பல் சிங்கப்பூரில் கயிறு கட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பெண் குடைகளை ஒவ்வொன்றாக மடக்கித் திருப்பிக் கொடுத்தாள். மாமனார் கூட்டுக்குள் போடுவதற்கு முன் ஒரு தடவை எண்ணிப் பார்த்தார்.

ஆறு.